பன்னிரண்டாம் மாடியில் வானம் இல்லை

கோயம்புத்தூரில் பிறந்தவர்களுக்குத் திசை குழம்பாது. எந்தச் சந்தில் நின்றாலும் தலையை நிமிர்த்தினால் போதும். மலை தெரிகிற பக்கம் மேற்கு. அந்தத் தைரியத்தில்தான் ஒரு வியாழக்கிழமை காலை, யாரிடமும் வழி கேட்காமல், வடசென்னையின் தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். திருவொற்றியூர் போவதற்குள் திசையும் போயிற்று, தைரியமும் போயிற்று. இடது பக்கம் கன்டெய்னர். வலது பக்கம் கன்டெய்னர். முன்னால் ஒரு டிரெய்லர், அதன் முதுகில் இன்னொரு கன்டெய்னர். சிவப்பு, நீலம், கரும்பச்சை, துருவேறிய ஆரஞ்சு என்று இரும்புப் பெட்டிகளாலான மலைத்தொடர் ஒன்று வெயிலில் நின்றது. எனக்கோ ஒரே குதூகலம். கையை வெளியே நீட்டிப் படமாக எடுத்துத் தள்ளினேன்.

"பாப்பா, கைய உள்ள வை. டிரெய்லர்காரன் எட்த்துகினு போயிட்டான்னா ஹார்பர்ல போய்த்தான் தேடணும்" என்றார் ஓட்டுநர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா விடவில்லை. "அதுக்குள்ள கப்பல்ல ஏத்திட்டாங்கன்னா? சிங்கப்பூர்ல போய்த் தேடுவியா நைனா?"

ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர்களைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் இரண்டு தடவை "ஏனுங்க" போட்டுக்கொள்வோம். இங்கே அந்தச் சம்பிரதாயம் எதுவும் கிடையாது. உட்கார்ந்தால் உறவு.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். புது ஃப்ளாட்டுகளுக்கு உள் அலங்காரம் செய்வது என் வேலை. சாவி வாங்கிய கையோடு வீட்டை என்னிடம் காட்டுவார்கள். அலமாரி எங்கே, விளக்கு எங்கே, சுவருக்கு என்ன நிறம் என்று நான் வரைந்து கொடுப்பேன். இதில் எனக்கென்று ஒரு கிறுக்கு உண்டு. ஜன்னலுக்கு வெளியே என்ன மண், என்ன மரம், என்ன தண்ணீர் இருக்கிறதோ அதுதான் வீட்டுக்குள்ளேயும் வர வேண்டும். வடவள்ளியில் ஒரு வீட்டுக்கு மலைப்பாறையின் சாம்பல் நிறம் கொடுத்தேன். பேரூரில் ஒரு வீட்டுக்கு, வெயில் ஊடுருவிய வாழையிலையின் பச்சை. இதையெல்லாம் சின்னச் சின்ன வீடியோவாகப் போடுவேன். அதில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் புஷ்பா அக்கா போன் செய்தார்.

"எங்க ஊருக்கும் இந்த மாதிரி பண்ணுவியாம்மா? இங்க மலையும் இல்ல, வாழையும் இல்ல. எங்க ஊரு கலரு உனுக்குப் புடிக்குமான்னுதான் தெரியல."

புஷ்பா அக்காவுக்குத் துறைமுகத்தின் அருகே, கப்பல் சரக்குகளுக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் உத்தியோகம். அவர் கணவர் ஏழுமலை, கப்பலிலிருந்து கன்டெய்னர்களை இறக்கும் ராட்சதக் கிரேனை ஓட்டுகிறவர். இருவருமாகக் கடன் வாங்கி, திருவொற்றியூரில் கடலைப் பார்த்த புது அடுக்குமாடியில், பன்னிரண்டாவது தளத்தில் ஒரு வீடு வாங்கிவிட்டார்கள். வாங்கிய பிறகு ஏழுமலை அண்ணன் அங்கே குடிபோக மாட்டேன் என்கிறார். கொருக்குப்பேட்டை வாடகை வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், புது வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறார். ஒரு வருடமாகக் காரணம் கேட்டும் சொல்வதில்லை. கப்பல் கம்பெனி அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வரத் தயாராக இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை தரகருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"அவரு மனசு மாற்ற மாதிரி ஒரு வூடு வரஞ்சு காட்டு. நான் ஆசப்பட்டு வாங்கின வூடும்மா. அதுல இன்னொருத்தி பால் காச்சிட்டா எனுக்குத் தாங்காது" என்றார் அக்கா.

போனை வைத்த கணமே நான் மனதளவில் ரயில் ஏறிவிட்டேன். கோவைக்கு வெளியே எனக்குக் கிடைத்த முதல் வேலை! அதுவும் கடல்! வரும்போதே முழு வீட்டையும் வரைந்து கொண்டுவந்துவிட்டேன்.

கட்டடத்தில் ஆட்கள் ஏறும் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. சாமான் லிஃப்டில், நான்கு சிமென்ட் மூட்டைகளோடு ஐந்தாவது மூட்டையாக மேலே போனேன். கதவைத் திறந்தேன். கூடத்தின் கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் கம்பித் தடுப்போடு பால்கனி, அதற்கு அப்பால் நேராக வங்காள விரிகுடா. நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாக நின்றன, துறைமுகத்துக்குள் போகத் தங்கள் முறைக்காக.

புஷ்பா அக்கா, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் யாமினி, ஏழுமலை அண்ணன் மூவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். அண்ணன் நல்ல ஆகிருதி; தலையைச் சற்றே முன்னால் தொங்கவிட்டு நின்றார். நான் டேப்லெட்டைத் திறந்து கொட்டினேன். ஆழ்கடல் நீலச் சுவர். ஈர மணல் நிறத்தில் தரை. அலை வளைவில் டிவி அலமாரி. கட்டுமரத்தைப் போல ஒரு சோஃபா.

அண்ணன் குனிந்து பார்த்தார். "இன்னாமா இது?"

"கடலுங்ண்ணா."

"அது தெர்து. அதான் அங்க கீதே" என்று பால்கனியைக் காட்டினார். "நாள் பூரா அதும் மேலதான் குந்திகினு கீறேன். வூட்டுக்கு வந்தும் அதேவா? ஆஸ்பத்திரில வேல பாக்குறவன் வூட்ல கட்டிலாண்ட டிரிப்ஸ் ஸ்டாண்டு வச்சிப்பானா?"

யாமினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புஷ்பா அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உனுக்கு எத்தக் காட்னாலும் புடிக்காது. அந்தக் கொருக்குப்பேட்ட வூட்ல தங்கம் பொதச்சி வச்சிக்கீற போல."

"தங்கம் இல்ல, நிம்மதி கீது."

"எங்க, கூட்ஸ் வண்டி சத்தத்துலயா?"

அண்ணன் சாமான் லிஃப்டைத் தேடிப் போய்விட்டார். கட்டுமர சோஃபா, தண்ணீரில் இறங்கும் முன்பே மூழ்கிவிட்டது. ஆனால் எனக்கு வருத்தமாக இல்லை. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். எங்கள் பக்கம் "நல்லாத்தான் இருக்குதுங்க" என்பார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் பிடிக்கவில்லை என்பது தெரியவரும்.

அன்று மாலை பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த பண்டம். தடிமனான நூடுல்ஸை முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப், கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டு அரிசிம்பருப்புச் சாதம் நல்ல பிள்ளை. அத்தோ தெருச்சண்டைக்குப் போய் ஜெயித்து வந்த பிள்ளை. இரண்டு தட்டு முடித்தேன். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய ராயபுரத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் காசிமேடு. படகுகள் வந்து நிற்க, கூடை கூடையாக மீன் கரையேற, ஏலக்குரல்கள் காதைத் துளைத்தன. ஐஸ் கரைந்து ஓடும் தரையில் என் வெள்ளைச் செருப்பு நிறம் மாறியது. சங்கரா மீனின் சிவப்பு, கடம்பாக் கணவாயின் ஊதாப் புள்ளிகள், வெயில் பட்டதும் பச்சையாக மாறும் பாறை மீனின் தோல்! நிறங்களுக்காக ஒவ்வொரு மீனையும் குனிந்து படம் எடுத்ததில் ஒரு வியாபாரியம்மா பொறுமையிழந்தார்.

"இன்னா, பொண்ணு பாக்க வந்துக்கீறியா மீனுக்கு? வாங்கறதுன்னா வாங்கு."

கால் கிலோ நெத்திலி வாங்கினேன். விடுதியில் சமைக்க அனுமதியில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே கொருக்குப்பேட்டைக்கு, புஷ்பா அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பினேன். எப்படியும் அன்று மாலை அங்கே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். யாமினி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவசரத்தில் நெத்திலியை ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு ஓடினாள். மறுபடி மாலையில் வந்தபோது ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். கேட்டை மூடினார்கள். ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. வந்துகொண்டே இருந்தது. பாதி வந்ததும் நின்றுவிட்டது. என்னைத் தவிர யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை. ஒருவர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்து வடை தின்றார். அந்த வடை எங்கே கிடைக்கும் என்று கேட்டு நானும் வாங்கித் தின்றேன்.

வீடு இரண்டாம் மாடியில், ஒரு கூடம், ஒரு சமையலறை. வாசலை ஒட்டி மொட்டை மாடிக்கு இரும்புப் படி. நெத்திலி எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தபோது அண்ணன் வேலை முடிந்து வந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். முகம்கூடக் கழுவாமல் நேரே படியேறி மாடிக்குப் போய்விட்டார்.

"அவ்ளோதான். இனி அரை மணி நேரத்துக்கு ஆளு சிக்காது" என்றாள் யாமினி. "எங்கப்பா வூட்டுக்கு வந்தாலும் கிரேன்லதான் கீறாரு. சோத்துத் தட்ட வைக்கிறத பாருங்க, கன்டெய்னர எறக்கற மாதிரி நாலு மூலையும் பாத்துத்தான் வைப்பாரு."

அக்கா என் கையில் டீயைக் கொடுத்து மேலே அனுப்பினார்.

மாடியில் அண்ணன், வெறும் தரையில், கைகளை விரித்து மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. எனக்குப் பயமாகிவிட்டது. "உடம்பு சரியில்லைங்களாண்ணா?"

"உடம்பு இப்பதான் சரியாவுது. குந்து."

டீயை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவரே பேசினார். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அதன் தரையும் கண்ணாடி. இரண்டு கால்களுக்கு நடுவே கீழே பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். "கப்பலு கீய. கன்டெய்னரு கீய. லாரி கீய. ஆளுங்க கீய. நான் தலைய தூக்கினேன்னு வையி, கீய எவனாவது காலி. அவ்ளோ ஒசரத்துல குந்திகினு வானத்தையே பாக்காதவன் நான் ஒருத்தன்தான்." பின்கழுத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டார். "இங்க வந்து மல்லாக்கப் பட்த்து, ஒண்ணும் பண்ணாம மேல பாத்துகினே இருந்தாத்தான் கழுத்து நேராவும்."

"அதனாலதான் புது வீடு வேண்டாங்கறீங்களா?"

"அங்க மாடிய பூட்டிடுவானுங்க. போய்க் கேட்டேன். சோலார் கீது, டேங்க் கீது, யாரும் ஏறக் கூடாதுன்ட்டான். பன்னெண்டாவது மாடி, ஆனா வானம் இல்ல. பால்கனில பட்த்தா மேல பதிமூணாவது மாடிக்காரன் பால்கனிதான் தெர்து."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இன்னான்னு சொல்றது? பட்த்துக்க எடம் இல்ல, அதனால அம்மாம் பெரிய வூட்ட வேணாம்னா? அவ ஆபீசு பூரா சிரிக்கும்."

நானும் பக்கத்தில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். ஒரு பருந்து, அதற்கு மேலே இன்னொரு பருந்து. ஒரு விமானம் மேகத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. எனக்குள் என்னமோ பற்றிக்கொண்டது. மூன்று வருடமாகச் சுவரையும் தரையையுமே வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்! இந்த வீட்டுக்கு நிலக்காட்சி வர வேண்டிய இடம் சீலிங்!

கீழே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இதானா? இத்தச் சொல்ல மனுசனுக்கு ஒரு வருசமா?" என்றார். பிறகு நிறைய நெத்திலியை எடுத்து அண்ணன் தட்டில் போட்டார்.

விடுதிக்குத் திரும்பியதும் வரைந்து முடித்தேன். சனிக்கிழமை காலை அண்ணனை அவர் தெரு முனை டீக்கடையில் பிடித்தேன். சீலிங் முழுக்க ஜிப்சம் பலகை. அதில் நீல வானம், பஞ்சு மேகம், ஓரத்தில் மறைவிளக்கு. அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கல்யாண மண்டபம் மாமு இது?" என்றார் கடைக்காரர்.

அண்ணன் சிரிக்கவில்லை. எனக்காக வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். "நல்லாத்தான் வரஞ்சிக்கீற பாப்பா. ஆனா இது நவுராதே. வானம்னா நவுரணும்."

அவருக்கு அன்று இரவுப் பணி. ஞாயிறு காலை முடிந்ததும் நேரே புது வீட்டுக்கு வந்து கடைசியாக ஒரு தடவை பார்ப்பதாகச் சொன்னார். அங்கிருந்தே தரகரிடம் பேசிவிடுவாராம்.

நகரும் கூரைக்கு நான் எங்கே போவேன்? யோசனை வரவில்லையென்றால் எனக்கு ஒரே மருந்துதான், ஊர் சுற்றுவது. எண்ணூர் கழிமுகத்தைப் பார்க்கலாம், சுவர்களுக்காவது நிறம் கிடைக்கும் என்று கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். பெட்டியில் வடநாட்டுத் தொழிலாளர்கள் இருவர் இந்தியில் பேசிக்கொண்டார்கள். "இந்த ஊர்க் காற்றில் என் கடிகாரமே துருப்பிடித்துவிட்டது" என்றார் ஒருவர். "கடிகாரம் பரவாயில்லை, என் பல் துருப்பிடிக்கிறது" என்றார் மற்றவர். அக்கா வீட்டில் இரும்புக் கீல் எதுவும் வைக்கக் கூடாது என்று மனதில் குறித்துக்கொண்டேன். அந்தக் கவனத்தில் எண்ணூர் வந்ததே தெரியவில்லை. தெரிந்து கதவுக்கு ஓடியபோது ஏறுகிற கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. ரயில் புறப்பட்டுவிட்டது.

அடுத்த கணம் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர். தொலைவில் புகைபோக்கிகள், மின்கோபுரங்கள். அவற்றின் காலடியிலேயே அலையாத்திப் புதர்கள், கரிய சேறு, சேற்றில் ஒற்றைக் காலில் ஒரு வெள்ளைக் கொக்கு. நொய்யலில் தண்ணீர் பார்ப்பதற்கே மழைக்காலத்துக்குக் காத்திருக்கும் எனக்கு, இப்படி ஒரு நீர்ப்பரப்பு யாரும் ஏறிட்டுப் பாராமல் கிடப்பதை நம்ப முடியவில்லை. பெட்டியில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, கழிமுகத்துச் சாலைப் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே கன்னியப்பன் என்ற மீனவர் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அவர் படகில் ஏறினேன். அலையாத்தி இலையின் மேல்பக்கம் பளபளக்கும் பச்சை. திருப்பினால் வெளிறிய, மாவு பூசியது போன்ற பச்சை. அந்த அடிப்பக்கத்து நிறம்தான் அக்கா வீட்டுச் சுவர்! சேற்றின் ஈரக்கருப்பு சமையல் மேடை. நத்தை ஓட்டின் மங்கலான வெள்ளை கதவுகளுக்கு. படகை இங்கே திருப்புங்கள், அங்கே திருப்புங்கள் என்று அவர் உயிரை எடுத்தேன்.

"போட்டோ புடிக்க வர்றவங்க எல்லாம் பவர் ஹவுசு சாம்பலத்தான் புடிச்சிகினு போவாங்க. நீ இன்னா எலையத் திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீற?" என்றார்.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்காகச் சாலைப் பாலத்தின் கீழே படகை நிறுத்தினார். மேலே லாரிகள் போகும் தடதடப்பு. தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாந்தேன். பாட்டில் கையிலேயே நின்றது.

பாலத்தின் அடிப்பக்கம், அந்த அழுக்குக் கான்கிரீட் முழுவதும், வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக் கயிறுகள் பின்னிப் பிரிந்து, பிரிந்து பின்னி, ஓரிடத்தில் நில்லாமல். படகு அசைந்தால் அவையும் துள்ளின. நான் அப்படியே வலையின் மேல் மல்லாந்து படுத்துவிட்டேன்.

"இன்னா பாப்பா, மயக்கமா?"

"இல்லைங்ண்ணா. மேல பாருங்க!"

"பாலம்."

"பாலத்துல ஓடுறதைப் பாருங்க!"

"அது வெயிலு, தண்ணில பட்டு அடிக்குது. தெனமும் அடிக்கறதுதானே?"

"நகருதுங்ண்ணா! நகருது!" என்று கத்தினேன். கொக்கு பறந்துவிட்டது. ஒரு நண்டு நழுவியதாகப் பிற்பாடு குற்றம் சாட்டப்பட்டேன்.

திருவொற்றியூருக்குப் பறந்து வந்தேன். பால்கனியில் தண்ணீர், காலை வெயில் அதில் பட்டு, கண்ணாடிக் கதவு வழியாக, கூடத்துச் சீலிங்கில் விழ வேண்டும். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது சூரியன் கட்டடத்தின் மேற்குப் பக்கம் போய்விட்டது. இனி ஞாயிறு காலைதான். அதாவது ஒத்திகையே கிடையாது.

புஷ்பா அக்காவிடம் விளக்கினேன். அவர் நிஜமாகவே பயந்தார். "தண்ணி தேங்கினா கார்ப்பரேசன்காரங்க வந்து கொசு கீதுன்னு நோட்டீசு குடுப்பாங்களே?"

"குட்டி மீனு உட்டா கொசு முட்டைய தின்னுடும்மா. ஸ்கூல்ல சொன்னாங்க" என்றாள் யாமினி. "அப்பா வெளிச்சத்த பாக்கட்டும், மீனு நாஸ்டா துன்னட்டும்."

அகலமான, ஆழமில்லாத பாத்திரம் வேண்டும். அக்கா தனக்குத் தெரிந்த மீன்காரம்மாவிடமிருந்து, மீன் பரப்பி வைக்கும் இரண்டு பெரிய அலுமினியத் தட்டுகளைக் கடன் வாங்கினார். மஞ்சளும் புளியும் போட்டுத் தேய்த்தோம். வாடை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு விடிந்தது. நான் பால்கனியில் தட்டுகளை வைத்து, தண்ணீர் ஊற்றி, நிமிர்ந்து பார்த்தேன். கடலின் மேல் பூசணிக்காய்க் குவியல் போல மேகம். சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. யாமினி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்யாமல் இருந்தாள். அதுவே எனக்குக் கலவரமாக இருந்தது.

அண்ணன் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "எங்க டிராயிங்கு?"

"டிராயிங் இல்லைங்ண்ணா. கூடத்து நடுவுல கொஞ்சம் படுங்க."

"இன்னாமா, யோகாவா?"

"பட்த்துதான் பாரேன். காசா பணமா?" என்றார் அக்கா.

அலுத்துக்கொண்டே படுத்தார். புது டைல்ஸின் குளிர்ச்சி முதுகில் பட்டதும் ஒரு பெருமூச்சு வந்தது. சீலிங்கைப் பார்த்தார். சீலிங் வெறும் வெள்ளைச் சீலிங்காகவே இருந்தது. நாங்கள் மூவரும் கடலைப் பார்த்தோம். மேகம் அசைவதாகவே இல்லை. அக்கா புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தால் அண்ணன் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, கைகள் விரிந்து, நல்ல ஆழ்ந்த தூக்கம்.

"எழுப்பட்டா?" என்றாள் யாமினி.

"தொட்டே, கைய ஒடச்சிடுவேன்" என்று அக்கா கிசுகிசுத்தார். "இந்த வூட்ல மொத தபா தூங்கறாரு."

சத்தமில்லாமல் சுவரோரம் உட்கார்ந்தோம். அண்ணனின் குறட்டையும் கீழே சாலையில் டிரெய்லர்களின் இரைச்சலும்தான். எவ்வளவு நேரம் போயிற்றோ. கூடத்தின் தரை ஓரம் முதலில் மஞ்சளானது. நான் தலையை நிமிர்த்தினேன். யாமினி என் தொடையைக் கிள்ளினாள், வலிக்க வலிக்க.

சீலிங் ஓட ஆரம்பித்துவிட்டது. பாலத்தடியில் பார்த்ததைவிடப் பெரிதாக, வெள்ளை மேல் வெள்ளையாக. பன்னிரண்டாம் மாடிக் கடற்காற்று தட்டுத் தண்ணீரைச் சும்மா இருக்க விடவில்லை. வலை போல விரிந்தது, காற்று வலுத்தபோது உடைந்து சிதறியது, மறுபடி கூடியது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஆடத்தான் ஆசை.

அப்போது ஒரு காகம் பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. மீன் வாடை கூப்பிட்டிருக்க வேண்டும். குதித்து இறங்கி, தட்டில் அலகை நுழைத்தது. சீலிங்கில் வட்டம் வட்டமாக அலை எழும்பி, கூடத்தின் குறுக்கே ஓடி, சுவரில் இறங்கியது. மீன் இல்லாத ஏமாற்றத்தில் காகம் கத்தியது.

அண்ணன் கண் திறந்தார்.

எழவில்லை. கண் மட்டும் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மெதுவாகப் போய்வந்தது. ஒரு கையைத் தூக்கி, முகத்தில் விழுந்த ஒரு கீற்றை ஈயைப் போல ஓட்டப் பார்த்தார். பிறகு பின்கழுத்தைத் தரையில் நன்றாக அழுத்திக்கொண்டார்.

"பாப்பா."

"சொல்லுங்ண்ணா."

"நட்ட நடுவுல ஃபேனு கொக்கி கீது."

"ஆமாங்ண்ணா. கட்டும்போதே போட்டது."

"அங்க ஃபேன மாட்னா எல்லாத்தையும் வெட்டிகினே இருக்குமே. செவுத்துல மாட்ற ஃபேனு போட்டா ஆவாது?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "வாடகைக்கு வர்றவருக்கு ஃபேனு எங்க இருந்தா உனுக்கு இன்னா?"

அண்ணன் தலையைத் திருப்பவில்லை. "அந்த ஆளுக்கு நீயே போன் போட்டு இல்லன்னு சொல்டு. நான் எந்திரிக்கறதா இல்ல."

அக்கா கைப்பையைத் துழாவிப் போனை எடுத்துக்கொண்டு, விறுவிறுவென்று பால்கனிக்குப் போய்த் தரகரின் எண்ணை அழுத்தினார். கூடத்தில் பாதிச் சீலிங் சட்டென்று அணைந்தது.

"யம்மா புஷ்பா!" தரையிலிருந்து அண்ணன் கத்தினார். "வெளிச்சத்துல நிக்காத! உள்ள வந்து பேசு!"